உங்களுக்குத் தெரியுமா? – ராஜகிரி முதல் எவரெஸ்ட் வரை

★ செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி சுமார் 800 அடி உயரம். எவரெஸ்ட்டின் 29,032 அடியை (8,849 மீட்டர்) எட்ட 36 ராஜகிரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆனால், நேபாளப் பக்கமாக எவரெஸ்ட் ஏறப் போகிறவர் 36-ஐயும் ஏறுவதில்லை. மலையின் அடிவார முகாமே 5,364 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 3,500 மீட்டர், அதாவது பதினான்கு ராஜகிரி. கேட்பதற்குச் சுலபம்தான். அந்தப் பதினான்கை ஏறி இறங்க, காத்மாண்டுவில் போய் இறங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால், கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகிவிடும்.

★ எவரெஸ்ட்டின் உயரக் கணக்குக்குப் பிள்ளையார் சுழி போட்ட இடம் சென்னை பரங்கிமலை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் அங்கே எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். அந்தக் கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாக வளர்ந்துகொண்டே போன நில அளவைதான், பல ஆண்டுகள் கழித்து இமயத்தின் அடிவாரத்தைத் தொட்டது. லாம்டனின் பெரிய தியோடலைட் கருவி அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து, மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு பெருந்தன்மையோடு சென்னைக்கு அனுப்பிவைத்த கருவி அது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கோயில் சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தன் கையாலேயே அதை நிமிர்த்தினார். ‘சிகரம் 15’ என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த மலைதான் உலகிலேயே உயரமானது என்று கணக்குப் போட்டுச் சொன்னவர், வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். 1865-இல் மலைக்குச் சூட்டப்பட்டதோ, ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருந்த தலைமை அதிகாரி ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயர்.

★ தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் பெண் ந. முத்தமிழ்ச்செல்வி. தேதி 2023 மே 23. விருதுநகர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர். சென்னையில் ஜப்பானிய மொழி கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர். அவர் உச்சி தொட்டதற்கு நான்கு நாள் முன்பு, மே 19-ஆம் தேதி, அதே உச்சியில் நின்றவர் சென்னையை அடுத்த கோவளத்தின் ராஜசேகர் பச்சை. இவருடைய தொழில் கடலில் அலைச்சறுக்குப் பயிற்சி தருவது. கடல் மட்டத்திலேயே வாழ்ந்து, கடல் மட்டத்திலேயே பிழைப்பு நடத்தியவர்! முத்தமிழ்ச்செல்விக்குத் தமிழக அரசு நிதியுதவி செய்தது. திரும்பி வந்த பிறகு கல்பனா சாவ்லா விருதும் கொடுத்தது. இந்த வரிசையில் முதலில் வந்த நிதியுதவிதான் பெரிய விஷயம். நம்மூர்ப் பிள்ளைகளை எவரெஸ்ட்டுக்குப் போகவிடாமல் தடுப்பது பெரும்பாலும் நுரையீரல் அல்ல, பணம்.

★ எவ்வளவு பணம்? நேபாள அரசுக்குக் கட்ட வேண்டிய அனுமதிக் கட்டணம் மட்டும் வசந்த காலத்தில் ஆளுக்கு 15,000 டாலர். 2025 செப்டம்பர் வரை 11,000 ஆக இருந்தது. அண்டை நாட்டவர் என்று இந்தியருக்குச் சலுகை கிடையாது. இதோடு வழிகாட்டி நிறுவனத்தின் கட்டணம், ஷெர்பா கூலி, உச்சி தொட்டால் அவருக்குக் கொடுக்கும் போனஸ், ஆக்சிஜன் உருளை, காப்பீடு, விமானம், உடுப்பு, பூட்ஸ் எல்லாம் சேரும்போது, நேபாள நிறுவனம் மூலம் போனாலே முப்பது லட்சம் ரூபாயைத் தாண்டும். மேலை நாட்டு நிறுவனம் என்றால் இரண்டு மடங்குகூட ஆகலாம்.

★ காசு கொடுத்து வழிகாட்டியோடு எவரெஸ்ட் ஏறும் பழக்கத்துக்கு வழி திறந்தவர் டிக் பாஸ் என்ற டெக்சாஸ் தொழிலதிபர். டேவிட் பிரஷியர்ஸ் என்ற தேர்ந்த மலையேறி துணையோடு 1985 ஏப்ரல் 30 அன்று உச்சியைத் தொட்டார். அப்போது அவருக்கு வயது 55. ‘இவரே ஏறிவிட்டார் என்றால் நாமும் ஏறலாமே’ என்று உலகெங்கும் உள்ள பணக்காரர்களுக்கு ஆசை வந்தது. அடுத்த பத்தாண்டில் அது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

★ ராஜகிரி உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். அகலம் ஏறத்தாழ 24 அடி, ஆழம் 60 அடி. அதன் மேல் ஒரு மரப்பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் போதும், எதிரிப் படை அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். பத்துப் பேர் இருந்தால் பெரும்படையைத் தடுத்துவிடலாம் என்று பேர் வாங்கிய இடம். எவரெஸ்ட்டில் இதுபோன்ற பிளவுகள் கும்பு பனியருவியில் வரிசையாக வரும். பாறைப் பிளவு அல்ல, பனிப் பிளவு. அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும் பிளவு. நேற்று நாலடி இருந்தது இன்று ஆறடியாக இருக்கும். அங்கே பாலம் என்பது சாதாரண அலுமினிய ஏணி. அகலமான பிளவு என்றால் இரண்டு மூன்று ஏணிகளை நைலான் கயிற்றால் முடிந்து படுக்க வைத்திருப்பார்கள். பூட்ஸின் அடியில் மாட்டிய இரும்பு முட்கள் ஏணிப் படிகளின் மேல் ‘கிறீச்’ என்று வழுக்கும். முன்முள்ளை ஒரு படியிலும் குதிகால் முள்ளை அடுத்த படியிலும் வாகாகப் பதித்தால்தான் கால் நிற்கும். இரு பக்கமும் தொங்கும் கயிறுகளைப் பின்னால் நிற்பவர் இழுத்துப் பிடித்தால் கைப்பிடி. விட்டுவிட்டால் வெறும் கயிறு. கீழே பார்க்காதே என்பார்கள். ஏணிப் படியைப் பார்க்காமல் கால் வைக்க முடியாது. படியைப் பார்த்தால் அதன் இடுக்கு வழியே கீழேயும் தெரியத்தான் செய்யும்.

★ அந்த ஏணிகளைப் போடுவதற்கென்றே ஒரு ஷெர்பா குழு இருக்கிறது. ‘ஐஸ்பால் டாக்டர்கள்’ என்று பெயர். சாகர்மாதா மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் ஊழியர்கள். பருவம் தொடங்கும் முன்பே வந்து பாதை போடுவார்கள். கடைசி ஆள் இறங்கும்வரை தினமும் பழுது பார்ப்பார்கள். உச்சியில் கொடி பிடித்து எடுத்த படங்களில் இவர்கள் இருக்க மாட்டார்கள்.

★ காசு கட்டி வந்தவர் பனியருவியை ஒரு பருவத்தில் சில தடவை கடப்பார். அவருடைய கூடாரம், சமையல் வாயு, ஆக்சிஜன் உருளை எல்லாவற்றையும் மேல் முகாம்களுக்கு ஏற்றும் ஷெர்பா அதைப் போல் பல மடங்கு கடப்பார். ஆபத்தும் அதே விகிதத்தில் கூடும். 2014 ஏப்ரல் 18 காலையில் பனிப்பாறை சரிந்து இறந்த 16 பேருமே நேபாளத் தொழிலாளர்கள். பயணம் வந்தவர் ஒருவர்கூட அதில் இல்லை. மறு ஆண்டு ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் பனி சரிந்து அடிவார முகாமையே வாரிக்கொண்டு போனது. இவ்விரண்டு ஆண்டுகளும் நேபாளப் பக்கத்தில் வசந்தப் பருவம் கிட்டத்தட்ட அத்தோடு முடிந்தது.

★ காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். செஞ்சி பஸ் ஸ்டாண்டிலும் அதே 21, எவரெஸ்ட் உச்சியிலும் அதே 21. பலர் நினைப்பதுபோல் மேலே ‘ஆக்சிஜன் சதவீதம்’ குறைவதில்லை; காற்றழுத்தம்தான் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். 8,000 மீட்டருக்கு மேல் உடம்பு எவ்வளவு நாள் இருந்தாலும் பழகாது. நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டேதான் போகும்.

★ நான்கு லிட்டர் ஆக்சிஜன் உருளையை 300 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 1,200 லிட்டர் வாயு பிடிக்கும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்று திறந்து வைத்தால் பத்து மணி நேரம் ஓடும். நான்கு என்று வைத்தால் ஐந்தே மணி நேரம். உச்சிக்குக் கீழே வரிசையில் இரண்டு மணி நேரம் காத்து நின்றால் அந்தக் கணக்கு முழுதும் புரண்டுவிடும். 2019 மே 22 அன்று உச்சி முகட்டில் எடுக்கப்பட்ட அந்த நீண்ட வரிசைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ரேஷன் கடையை நினைத்துச் சிரித்தவர்கள் உண்டு. நின்றவர்கள் ஒவ்வொருவரின் முதுகிலும் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

★ ஆக்சிஜன் உருளையே இல்லாமல் முதலில் ஏறியவர்கள் ரெய்ன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபெலரும், 1978 மே 8-இல்.

★ ராஜகிரியில் பிற்பகல் ஒரு நேரத்துக்கு மேல் காவலர் மேலே ஏற விடுவதில்லை. ‘சார், திண்டிவனத்திலேர்ந்து வர்றோம் சார், பத்தே நிமிஷம்’ என்று கெஞ்சுகிறவர்களை வார இறுதியில் போனால் பார்க்கலாம். எவரெஸ்ட்டிலும் இதே சட்டம்தான்: நடுப்பகலுக்குப் பின் ஒரு மணியைக் குறித்து வைத்திருப்பார்கள், அதற்குள் உச்சி தொடாவிட்டால், எத்தனை அடி மீதி இருந்தாலும் திரும்ப வேண்டும். அங்கே கேட்டைச் சாத்த ஆள் கிடையாது. வழிகாட்டியின் வாய்ச்சொல்தான் கேட். 1996 மே 10-ஆம் தேதி இரண்டு பிரபல வழிகாட்டிகளின் குழுக்கள் குறித்த நேரம் தாண்டியும் ஏறிக்கொண்டே இருந்தன. மாலையில் புயல் பிடித்தது. மொத்தம் எட்டுப் பேர் இறந்தார்கள். ராப் ஹால், ஸ்காட் பிஷர் ஆகிய அந்த இரண்டு தலைமை வழிகாட்டிகளும் அதில் அடக்கம். இதைப் பற்றிப் புத்தகங்களும் படங்களும் வந்துவிட்டன. ஆனால், எட்டில் மூன்று பேர் திபெத் பக்கமாக ஏறிய இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை வீரர்கள் என்பது அவற்றில் ஓரமாக வந்துபோகும். பணம் கட்டி ஒரு வழிகாட்டியை அமர்த்துகிறீர்கள் என்றால், ‘போதும், திரும்பு’ என்று உங்களிடம் சொல்லும் ஆளை அமர்த்துகிறீர்கள். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை பேரை உச்சிக்கு ஏற்றினார்கள் என்று விசாரிப்பவர்கள், எத்தனை பேரைத் திருப்பி அழைத்து வந்தார்கள் என்றும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

★ கோட்டையை முற்றுகையிடுவதுபோல மலையை முற்றுகையிடுவதும் உண்டு. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் செஞ்சியை வளைத்து, 1698-இல்தான் பிடித்தார். அதற்குள் மராட்டிய அரசர் ராஜாராம் தப்பித்துப் போய்விட்டார். இமயத்திலும் முகாம் மேல் முகாமாக அமைத்து, ஆளும் உணவும் கயிறும் ஏற்றி, கடைசியில் இரண்டு பேரை மட்டும் உச்சிக்கு அனுப்பும் முறை பல காலம் நடந்தது. 1953-இல் டென்சிங்கும் ஹிலாரியும் ஏறிய பயணத்தில் சுமை தூக்கியவர்கள் மட்டும் முந்நூறுக்கு மேல். 1965-இல் எம்.எஸ். கோஹ்லி தலைமையில் போன இந்தியக் குழுவும் அதே வழியில் நான்கு தவணையாக ஒன்பது பேரை உச்சியில் ஏற்றியது. இன்றைய வழிகாட்டிப் பயணங்களும் அடிப்படையில் அதே முற்றுகைதான். அப்போது நாடு செலவழித்தது, இப்போது ஏறுகிறவர் செலவழிக்கிறார்.

★ 1953-இல் ஏறியது டென்சிங்குக்கு ஏழாவது எவரெஸ்ட் பயணம். முதல் பயணம் 1935-இல், சுமை தூக்குபவராக. கமி ரீட்டா ஷெர்பா 2025 மே வரை 31 முறை உச்சி தொட்டிருக்கிறார். வேலைக்குப் போவதுபோல் போய் வருகிறார் என்று சொல்வது வேடிக்கைக்காக அல்ல, அது அவருக்கு வேலைதான்.

★ செஞ்சிக் கோட்டையைப் போலவே ஒற்றைப் பாறை மேல் நிற்கும் ஒரு கோட்டையிலிருந்து எவரெஸ்ட்டுக்குப் போன கதை உண்மையிலேயே உண்டு. ஊர், தெலங்கானாவின் புவனகிரி. அங்குள்ளவர்கள் போங்கிர் என்பார்கள். மேலைச் சாளுக்கியர் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்துக் கோட்டை. அந்தப் பாறையில் ஒரு பாறையேற்றப் பள்ளி நடக்கிறது. சமூகநல உறைவிடப் பள்ளிகளில் படித்த ஏழைப் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுத்து, தேறியவர்களை டார்ஜிலிங்குக்கும் லடாக்குக்கும் அனுப்பி, கடைசியில் இரண்டு பேரை எவரெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். அதில் ஒருத்தி மாலாவத் பூர்ணா. விவசாயக் கூலிகளின் மகள். 2014 மே 25 அன்று உச்சி தொட்டபோது வயது பதின்மூன்று, பதினோரு மாதம். நேபாளத்தில் பதினாறு வயதுக்குக் குறைந்தவருக்கு அனுமதி கிடையாது என்பதால் திபெத் பக்கமாக ஏறினார்கள். செஞ்சிப் பாறையில் இப்படி ஒரு பள்ளி நடத்த நினைத்தால் இடம் தேட வேண்டியிருக்கும்: கோட்டை மலைகள் இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் இருக்கின்றன, 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகளில் ஒன்றாக, தமிழ்நாட்டிலிருந்து ஒரே கோட்டையாக, உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. அங்கே ஆணி அடிக்க முடியாது. ஆனால் செஞ்சியைச் சுற்றிப் பாறைக்கா பஞ்சம்?

★ எவரெஸ்ட் பாதையில் கட்டியிருக்கும் கயிற்றில் ஏறும்போது இடுப்புப் பட்டையிலிருந்து இரண்டு இணைப்புகள் தொங்கும். ஒன்று ஜூமர்: மேலே தள்ளினால் போகும், கீழே இழுத்தால் கயிற்றைக் கவ்வும். மற்றொன்று வெறும் கொக்கி. கயிற்றைப் பனியில் அறைந்திருக்கும் முளை வந்ததும் முதலில் கொக்கியைக் கழற்றி முளைக்கு அந்தப் பக்கம் மாட்ட வேண்டும். அது ‘கிளிக்’ என்றதும்தான் ஜூமரைக் கழற்றலாம். எந்த நொடியிலும் ஏதாவது ஒன்று கயிற்றில் இருக்க வேண்டும். வீட்டு மாடிப்படிக் கைப்பிடியில் செய்து பார்த்தால் அரை நிமிட வேலை. மூன்று அடுக்குக் கையுறையோடு, இருட்டில், மூளைக்கு ஆக்சிஜன் போதாமல், நூறாவது முளையில் செய்யும்போதுதான் வரிசை மாறிப்போகும். பயிற்சி நிலையங்களில் கண்ணைக் கட்டிக்கொண்டு மாட்டச் சொல்வது இதற்காகத்தான்.

★ அடிவார முகாமில் தண்ணீர் ஏறக்குறைய 82 டிகிரியிலேயே கொதித்துவிடும், உச்சியில் 71-இல். கொதிக்கும், ஆனால் சூடு போதாது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகவே வேகாது. நேபாளச் சமையற்காரர்கள் அதிலும் தினம் இரண்டு வேளை பருப்பும் சோறும் போட்டுவிடுகிறார்கள். மேலே போகப் போக நாக்கு செத்து, பசி போய்விடும். தமிழர் யாராவது புறப்பட்டால் மருந்துப் பையில் ஒரு பாட்டில் பருப்புப்பொடிக்கும் இடம் ஒதுக்கச் சொல்வேன்.

★ 3,000 மீட்டருக்கு மேல், ஒரு நாள் தூங்கும் இடத்துக்கும் மறுநாள் தூங்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது பொது விதி. தலைவலி, குமட்டல் வந்தால் அங்கேயே தங்க வேண்டும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கிறது என்று பொருள். மாத்திரையும் ஆக்சிஜனும் நேரம் வாங்கித் தரும். உயிர் பிழைக்க உடனே கீழே இறங்க வேண்டும். தினமும் ராஜகிரி ஏறி இறங்குகிறவருக்கும் இது வரும். கால் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

★ உச்சிக்குப் போக நாள் பார்ப்பது வானிலை நிபுணர்கள். ஆண்டில் பெரும்பகுதி உச்சியில் வேகக் காற்றோட்டம் அறைந்துகொண்டிருக்கும். தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போது அது வடக்கே விலகும். மழை வந்து சேர்வதற்கு முன் மே நடுவிலிருந்து சில நாள் அமைதி கிடைக்கும். அதனால்தான் மேலே வந்த தேதிகளில் பெரும்பாலானவை மே மாதத்தில் வருகின்றன.

★ உச்சி தொட்டதற்கு நேபாள அரசு சான்றிதழ் தரும். அதற்கு உச்சியில் எடுத்த படம் வேண்டும். 2016-இல் ஓர் இந்தியத் தம்பதி வேறொருவரின் படத்தில் தங்களை ஒட்டிக் காட்டிச் சான்றிதழ் வாங்கினார்கள். சக மலையேறிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். சான்றிதழ் ரத்து, பத்து ஆண்டு தடை. இருவருமே போலீஸ்காரர்கள்!

★ இந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் காஞ்சன்ஜங்கா, 8,586 மீட்டர். 1955 மே 25-இல் முதலில் ஏறிய ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும் சிக்கிம் மக்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, உச்சிக்குச் சில அடி முன்பே நின்றுவிட்டார்கள். பின்னால் ஏறியவர்களில் பலரும் அப்படியே செய்தார்கள்.

★ 7,000 மீட்டர் சிகரம் ஒன்றையாவது ஏறியவருக்கே எவரெஸ்ட் அனுமதி என்று நேபாளத்தில் 2025-இல் ஒரு சட்டவரைவு வந்தது. நியாயமான யோசனை. இந்தியாவிலேயே அந்த உயரத்தில் நுன் (7,135 மீட்டர்), குன் (7,077), சதோபந்த் (7,075) எல்லாம் இருக்கின்றன. வழிகாட்டியோடு போகலாம், எவரெஸ்ட் செலவில் சிறு பகுதிதான் ஆகும். அதற்கும் முதல் படி, டார்ஜிலிங்கிலுள்ள இமாலய மலையேற்ற நிலையம் (1954), உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்ற நிலையம் (1965) போன்றவற்றில் நான்கு வார அடிப்படைப் பயிற்சி. அதில் ‘ஏ’ கிரேடு வாங்கினால்தான் அடுத்த வகுப்பில் சேர்ப்பார்கள். அரசு நிலையங்கள் என்பதால் கட்டணம் கைக்கு அடக்கம். இடம்தான் சீக்கிரம் நிரம்பிவிடும். கோடை வகுப்பு வேண்டுமானால் முந்தைய ஆண்டே விண்ணப்பித்துவிடுங்கள். மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள், உள்ளூர் டாக்டரிடம் வாங்கினால் போதும்.